தண்டுவடக் காயமும் மறுவாழ்வும்

பெங்களூரின் மேற்குப் பகுதியில், மல்லேசுவரத்துக்கும் ராஜாஜி நகருக்கும் அருகே அமைந்த பேட்டை ஸ்ரீராம்புரம். நூற்பாலைச் சங்கொலியைக் கேட்டு விழித்தெழுந்த காலம் ஒன்று அதற்கு உண்டு. தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக அங்கே வாழ்ந்து வருகின்றன. கொத்து வேலை செய்வோர், சுவருக்கு வர்ணம் அடிப்போர், மூட்டை சுமப்போர், ஆட்டோ ஓட்டுவோர் எனக் கைகால்களின் உழைப்பையே மூலதனமாகக் கொண்டவர்கள் அவர்களுள் பலர்.

அந்தப் பேட்டையின் சந்து ஒன்றில் ஓர் இல்லத்தை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுமாறு நேயர்களை வேண்டுகிறேன். தெருவிலிருந்து இரண்டு படி ஏறினால் வாசல்; உள்ளே ஒரே அறை; அதன் கோடியில் சமையல்; பின்புறம் ஓர் ஆள் நுழையும் அகலத்தில் குளியலறைக் கதவு. குடும்பத் தலைவர் வர்ணம் அடிப்பவர். ஒரு நாள் காலை மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து கால் இடறிக் கீழே விழுகிறார். தலையில் அடியில்லை, நினைவும் தவறவில்லை. ஆனால் இடுப்புக்குக் கீழே உடம்பு தம்முடையதாகவே அவருக்குத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரியில் அறுவை நடக்கிறது. வெளியே நிற்கும் மனைவி மருத்துவரைக் கண்டவுடன் கேட்பது ஒரே கேள்விதான்: "ஐயா, இவருக்குக் கால் வந்துவிடுமா?"

இது நான் புனைந்த இல்லம். ஆயினும் இக்கேள்வி புனைந்தது அன்று. தண்டுவடக் காயத்தால் கால்கள் செயலிழந்த ஒவ்வொருவர் வீட்டிலும் எழும் கேள்வி இது. இயல்பான கேள்விதான். எனினும், இந்த ஒரு கேள்விக்கு விடை வரும்வரை வேறெதுவும் செய்வதற்கில்லை என்று குடும்பம் காத்திருக்கத் தொடங்கினால், அந்தக் காத்திருப்பே நோயாளியின் உயிருக்கு உலை வைத்துவிடுகிறது. அஃது எவ்வாறு என்பதையும், காத்திராமல் செய்யவேண்டியவை யாவை என்பதையும் கூறுவதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் தண்டுவடம் என்பது யாதென அறிந்துகொள்வோம். நம் முதுகெலும்பு 33 எலும்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்த கோபுரம் போன்றது. அடியிலுள்ள சில எலும்புகள் வயது ஏறும்போது ஒன்றாய் இணைந்துவிடுகின்றன. இந்த அடுக்கின் நடுவே ஒரு கால்வாய் செல்கிறது. மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம் அக்கால்வாயினுள் பத்திரமாக அமைந்துள்ளது. அதன் நீளம் ஏறத்தாழ ஒன்றரை அடி. பருமன் நம் சுண்டுவிரலளவு. அதிலிருந்து 31 ஜோடி நரம்புகள் இருபுறமும் பிரிந்து உடலெங்கும் செல்கின்றன. "காலைத் தூக்கு" என்னும் மூளையின் கட்டளை இதன் வழியே கீழே இறங்குகிறது. "காலில் முள் தைத்தது" என்னும் செய்தி இதன் வழியே மேலே ஏறுகிறது. சிறுநீர் நிறைந்தது, மலம் கழிக்கவேண்டும் என்னும் அறிவிப்புகளுக்கும் இதுவே பாதை.

கழுத்தளவில் இப்பாதை சிதைந்தால் கை, கால் இரண்டும் பாதிக்கப்படும். மார்பளவிலோ அதற்குக் கீழோ சிதைந்தால் கைகள் தப்பிவிடும், கால்கள் தளரும். முறிந்த எலும்பு கூடிவிடும்; அறுந்த தண்டுவட இழைகளோ அவ்வாறு மீண்டும் வளர்ந்து சேர்வதில்லை. அறுவை மருத்துவர் கம்பியும் திருகாணியும் வைத்து இறுக்குவது எலும்பைத்தான். நசுங்கிய தண்டுவடத்தின்மீதுள்ள அழுத்தத்தை நீக்குவதும், நோயாளி விரைவில் எழுந்து உட்கார வழி செய்வதும் அந்த அறுவையின் பயன். "ஆபரேஷன் நன்றாக முடிந்தது" என்று மருத்துவர் சொல்லும்போது, "கால் வந்துவிடும்" என்று குடும்பத்தார் பொருள் கொள்கின்றனர். பிற்பாடு விளையும் மனக்கசப்புகளுள் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

அப்படியாயின் நம்பிக்கைக்கே இடமில்லையா? உண்டு. காயத்தில் முழுமையானது, முழுமையற்றது என இருவகை உண்டு. அடிபட்ட நாள்களில் தண்டுவடம் அதிர்ச்சியில் உறைந்திருக்கும். சில நாள்களோ வாரங்களோ கழிந்த பின்னரே உண்மை நிலை தெளிவாகும். ஆசனவாயைச் சுற்றித் தொடுவுணர்ச்சி எஞ்சியிருக்கிறதா என்பதை மருத்துவர் கருத்துடன் சோதிப்பதற்குக் காரணம் இதுதான். அங்கே உணர்ச்சி இருந்தால் பாதை முற்றும் அறவில்லை என்று பொருள். ஓரளவு இயக்கம் திரும்பும் வாய்ப்பு மிகுதி. திரும்பும் இயக்கத்தில் பெரும்பகுதி முதல் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் திரும்புவதே வழக்கம்.

ஒரு செய்தியை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். எலும்பு முறிந்தும் தண்டுவடம் பிழைத்திருக்கும் ஒருவரை நாம் தூக்கும் முறையாலேயே முடவராக்கிவிடக்கூடும். உயரத்திலிருந்து விழுந்தவரைத் தோளிலும் தொடையிலும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் மடக்கி உட்காரவைத்து ஓடுவது பெருந்தவறு. தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே கோட்டில் இருக்குமாறு பலர் சேர்ந்து, ஒரு மரத்தடியைப் புரட்டுவதுபோல் ஒருங்கே புரட்டி, பலகையில் கிடத்தவேண்டும். 108 ஊர்தி வரும்வரை அசைக்காதிருப்பது அதனினும் நலம்.

இனி, காத்திருப்பு ஏன் உயிருக்கு உலை வைக்கிறது என்பதைப் பார்ப்போம். பண்டை எகிப்தின் மருத்துவச் சுவடியொன்று இக்காயத்தை மருத்துவம் செய்யத்தகாத நோய் என்று ஒதுக்கியது. முதல் உலகப்போர்க் காலம்வரை அந்நிலை பெரிதும் மாறவில்லை. தண்டுவடம் சிதைந்த வீரர்களில் பெரும்பாலோர் விரைவில் மாண்டனர். அவர்களைக் கொன்றது தண்டுவடக் காயமன்று. படுக்கைப்புண்ணும் சிறுநீர்த்தாரையில் ஏறிய நச்சுக்கிருமிகளுமே கொன்றன. இவ்விரண்டும் தடுக்கக்கூடியவை என்று நிலைநாட்டியவர் லுட்விக் குட்மன். ஜெர்மனியிலிருந்து 1939-இல் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்த யூத மருத்துவர் அவர். ஸ்டோக் மாண்டெவில் ஆஸ்பத்திரியில் 1944 பிப்ரவரியில் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கினார். அவர் கையாண்டது மந்திரமன்று: இரண்டு மணிக்கு ஒருமுறை, இரவும் பகலும், நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்தார், சிறுநீரைத் தூய முறையில் வெளியேற்றினார், வேலையும் விளையாட்டும் கொடுத்தார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேர் அந்த ஆஸ்பத்திரித் திடலில் வில் எய்தனர். இன்றைய பாராலிம்பிக் விளையாட்டுகளின் வித்து அதுவே. 1965-ஆம் ஆண்டுப் போரில் குண்டடிபட்ட நம் இராணுவ வீரர் முரளிகாந்த் பேட்கர், 1972-இல் ஹைடல்பெர்க் நகரில் நீச்சலில் தங்கப் பதக்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியா பெற்ற முதல் தங்கம் அது.

வெளிநாட்டுக் கதை போதும். நம் பக்கத்துக்கு வருவோம். பெங்களூரிலிருந்து சென்னை செல்லும் ரயிலில் காட்பாடியில் இறங்கினால் வேலூர். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மேரி வர்கீஸ் என்னும் இளம் மருத்துவர் பணியாற்றி வந்தார். கேரளத்தில் பிறந்தவர். 1954-இல் கார் விபத்தொன்றில் அவருடைய தண்டுவடம் சிதைந்து, இரு கால்களும் செயலற்றுப் போயின. வயதோ முப்பதைத் தொடவில்லை. அந்நாளில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவையால் நிமிர்த்தி வந்த பால் பிராண்ட் அவருக்கு ஒரு வழி காட்டினார். கையில் செய்யும் அறுவையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம் அல்லவா? மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவைக்கூடத்துக்குள் சென்றார். பிறர் கைகளுக்கு இயக்கம் அளித்தார். பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலும், நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கின் நிலையத்திலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். வேலூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் நோயாளிகள் தங்கிப் பயிலும் மறுவாழ்வு நிலையம் அங்கே உருவாயிற்று. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 1986-இல் மறைந்தார். கால் வரும்வரை காத்திருந்தவரல்லர் அவர். கால் வராமலே எழுந்தவர்.

மற்றொரு வரலாறு பெங்களூரிலேயே தொடங்குகிறது. 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்காக இந்நகருக்கு வந்தார் பொறியியல் மாணவர் எஸ். ராமகிருஷ்ணன். தேர்வின்போது தவறி விழுந்து கழுத்தில் அடிபட்டார். கைகளும் கால்களும் செயலிழந்தன. சொந்த ஊரான தென்காசிப் பக்கத்து ஆய்க்குடிக்குத் திரும்பியவர், 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சை அளித்த இராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே அதற்கு இட்டார். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்காக எளிய முறையில் எழுந்த அந்த அமைப்பு, இன்று தண்டுவடக் காயமுற்றோர் தங்கிப் பயிற்சி பெறும் இடமாகவும் விளங்குகிறது. 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

இத்தகையோர் அரியர், எல்லாருக்கும் இது கூடுமா என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான ஐயம். ஆகவே ஸ்ரீராம்புரத்து இல்லத்துக்கே திரும்புவோம். அந்த ஒற்றை அறையில் செய்யக்கூடியவை யாவை?

முதலாவது, தோலைக் காத்தல். உணர்ச்சியற்ற உடம்பு தன் வேதனையைச் சொல்லாது. நாமெல்லாம் உறக்கத்திலும் புரண்டு படுக்கிறோம். அவரால் அது கூடாது. எனவே படுக்கையில் இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றவேண்டும். நாற்காலியில் இருக்கும்போது கால்மணி, அரைமணிக்கு ஒருமுறை இரு கைகளையும் ஊன்றி உடலைத் தூக்கி இறக்கவேண்டும். பிட்டம், இடுப்பின் பக்க எலும்பு, குதிகால் ஆகிய இடங்களை நாள்தோறும் கண்ணாடி பிடித்துப் பார்க்கவேண்டும். சிவப்போ கருமையோ தோன்றி அழுத்தம் நீங்கிய பின்னும் மறையாவிட்டால், அது புண்ணின் முதல் அறிவிப்பு. அவ்விடத்தில் பாரம் விழாமல் உடனே காக்கவேண்டும். வெந்நீர்ப்பையால் ஒற்றடம் கொடுக்கும் வழக்கம் ஆகாது; தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது.

இரண்டாவது, சிறுநீர். பை நிரம்பித் ததும்பினால் கிருமி பெருகும். பின்னோக்கி ஏறினால் சிறுநீரகமே கெடும். நான்கு அல்லது ஆறு மணிக்கு ஒருமுறை தூய குழாயைத் தாமே செலுத்திச் சிறுநீரை வெளியேற்றும் முறை 1972 முதல் உலகெங்கும் பரவியது. கையை நன்கு கழுவிக்கொண்டு செய்தால் வீட்டிலேயே இதனைச் செய்துகொள்ளலாம். கூச்சத்துக்கு இதில் இடமில்லை. மலம் கழிப்பதற்கும் நாள்தோறும் ஒரே வேளையைப் பழக்கினால், எதிர்பாராத அவமானம் நேராது. ஆடை கெட்டுவிடுமோ என்னும் அச்சம் நீங்கிய பின்னரே ஒருவர் வெளியே செல்லத் துணிவார். கால் இயங்காமையைவிட இந்த அச்சமே பலரை வீட்டுக்குள் முடக்கிவைக்கிறது.

மூன்றாவது, மூட்டுகள். அசையாத மூட்டு மடங்கியபடியே இறுகிவிடும். உறவினர் ஒருவர் கற்றுக்கொண்டு, நாள்தோறும் இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகியவற்றை மெதுவாக நீட்டி மடக்கவேண்டும். கால்கள் சில வேளை தாமே வெட்டி இழுக்கும். அதனைக் கண்டு "கால் வருகிறது" என்று மகிழ்வோர் உண்டு. பெரும்பாலும் அது நரம்பின் கட்டுப்பாடற்ற துடிப்பே. இயக்கம் திரும்பியதற்கான சான்றாகாது. முதல் வாரங்களில் ஒரு கால் மட்டும் வீங்கினால், குருதி உறைந்திருக்கக்கூடும்; பிடித்துவிடாமல் உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும். மார்பின் மேற்பகுதியிலோ கழுத்திலோ காயமுற்றவருக்குத் திடீரென மண்டை பிளக்கும் தலைவலியும் வியர்வையும் கண்டால், இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கிறது என்று அறியவேண்டும். அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா, குழாய் அடைபட்டிருக்கிறதா என்று முதலில் பார்ப்பதோடு, காலந்தாழ்த்தாமல் மருத்துவ உதவியும் நாடவேண்டும்.

நான்காவது, கைகளை வலுவாக்குதல். இனி அவருக்குக் கைகளே கால்கள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கழிப்பிடத்துக்கும் பிறர் தூக்காமல் மாறிக்கொள்ளப் பயிலவேண்டும். காலுறைக் கம்பிகள் பூட்டி, ஊன்றுகோல் பிடித்து நடக்கச் சிலரால் இயலும். ஆயினும் அது மிகுந்த உழைப்பு. நீண்ட தூரத்துக்குச் சக்கர நாற்காலியே ஏற்றது. நாற்காலியில் அமர்வதைத் தோல்வி என்று எண்ணுகிறோம். கண் மங்கியவர் மூக்குக்கண்ணாடி அணிவதைத் தோல்வி என்கிறோமா? நாற்காலி அவரவர் உடலளவுக்கு அமையவேண்டும். அதற்குரிய மெத்தையும் வேண்டும். யாரோ நன்கொடையாகத் தந்த அகன்ற ஆஸ்பத்திரி நாற்காலி ஆகாது.

ஐந்தாவது, வீடு. வாசலில் உள்ள இரண்டு படிகளின் மேல் ஒரு சாய்தளம். குளியலறைக் கதவைக் கழற்றி அகலமாக்கி ஒரு திரை. குந்தும் கழிப்பிடத்தின்மேல் துளையிட்ட ஓர் உயர்ந்த இருக்கை. சுவரில் ஒரு பிடிகம்பி. ஊரிலுள்ள தச்சரும் கொத்தனாரும் ஓரிரு நாளில் செய்து முடிக்கும் வேலை இது. நம் வர்ணக்காரரின் நண்பர்களே செய்து தரமாட்டார்களா? ஸ்ரீராம்புரம் மெட்ரோ நிலையத்தில் மின்தூக்கி இருக்கிறது. ஆனால் வாசற்படியைத் தாண்டாதவருக்கு அதனால் என்ன பயன்?

ஆறாவது, பிழைப்பும் உரிமையும். பெங்களூரில் 1959-இல் என். எஸ். ஹேமா தொடங்கிய மாற்றுத்திறனாளர் சங்கம் லிங்கராஜபுரத்தில் இயங்குகிறது. தண்டுவடக் காயமுற்றோருக்கும் அது பயிற்சி அளிக்கிறது. நிம்ஹான்ஸ் நிலையத்தில் நரம்பியல் மறுவாழ்வுத் துறை உண்டு. தொழிலாளர் காப்பீட்டில் சேர்ந்தவராயின் பக்கத்து ராஜாஜி நகரிலேயே அதன் ஆஸ்பத்திரி உள்ளது; வேலையில் நேர்ந்த ஊனத்துக்கு உதவித்தொகை பெறவும் வழியுண்டு. கட்டட வேலை செய்வோர் விபத்து நேருமுன்னரே மாநில நலவாரியத்தில் பதிந்துகொள்ளவேண்டும். விழுந்த பின் பதிய ஓடுவது, வெள்ளம் வந்த பின் கரை கட்டுவதாகும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பணியிலிருக்கும்போது ஊனமுற்ற அரசு ஊழியரை அக்காரணத்துக்காக நீக்கவோ பதவி குறைக்கவோ கூடாது என்கிறது. வர்ணம் அடித்தவர் சாரத்தில் இனி ஏறமுடியாது. ஆனால் வர்ணம் கலக்கவும், கணக்கு எழுதவும், ஆள்களை நடத்தவும் அவரால் முடியும். திருமண வாழ்வும் மக்கட்பேறும்கூட முடிந்துபோனவை அல்ல; இவற்றுக்கும் மருத்துவத்தில் வழியுண்டு. கேட்க நாணவேண்டியதில்லை.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. "ஊசி ஒன்று போட்டால் எழுந்து நடப்பார்" என்று ஆசை காட்டுவோர் உளர். மூல உயிரணு சிகிச்சை என்று பெயர் சொல்லிப் பெருந்தொகை கேட்போரும் உளர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள், குருதி தொடர்பான சில நோய்கள் நீங்கலாக, முறைப்படி நடக்கும் ஆய்வுக்கு வெளியே இதனைச் சிகிச்சையாகக் கொடுக்கலாகாது என்று தெளிவாகக் கூறுகின்றன. தண்டுவடத்தின்மேல் மின்முனை பொருத்தித் தூண்டும் ஆய்வில், நீண்டகாலம் நடக்காதிருந்த சிலர் பிடிமானத்துடன் அடியெடுத்து வைத்த செய்திகள் 2018-இல் வெளிவந்தன. அறிவியல் முன்னேறுகிறது, மகிழ்வோம். ஆனால் தாலிக்கொடியை அடகு வைத்து வாங்கும் நிலையில் அந்த நம்பிக்கை இன்னும் இல்லை. அந்தப் பணம் நல்ல நாற்காலிக்கும் மெத்தைக்கும் சாய்தளத்துக்கும் போதும். மீந்தால் பிள்ளைகளின் படிப்புக்கும் ஆகும்.

உலகில் 1 கோடியே 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தண்டுவடக் காயத்துடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. இக்காயத்தை விளைவிப்பனவற்றுள் முதன்மையானவை சாலை விபத்துகளும், உயரத்திலிருந்து விழுதலுமே. சாரத்தில் ஏறுவோர்க்கு இடுப்புப் பட்டி கொடுப்பது எந்த மருத்துவத்தினும் மலிவானது.

ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் அந்த அம்மையாரை மறவாதிருப்போம். "இவருக்குக் கால் வந்துவிடுமா?" என்று அவர் கேட்கட்டும். மருத்துவர் தமக்குத் தெரிந்த அளவு உண்மையைச் சொல்லட்டும். ஆனால் அன்றைக்கே இரண்டாவது கேள்வியையும் அவர் கேட்க நாம் கற்றுக்கொடுக்கவேண்டும்: "இவரை எப்படிப் புரட்டிப் படுக்கவைக்கவேண்டும்? எனக்குச் சொல்லித் தாருங்கள்." முதற்கேள்விக்கு விடை காண மாதங்கள் ஆகலாம். இரண்டாவது கேள்விக்கு விடை இரண்டு மணி நேரத்துக்குள் வேண்டும்.